அடுப்படிக்கு ஒரு ஜன்னல்

என் தம்பி எங்கள் பழைய வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வீடு, அவன் பிழைப்பு. ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிற பலர் இன்று காப்பியைவிட வாடகை அறையை நம்பித்தான் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது வாசலில் அவன் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தபோதுதான். "அம்மாவின் அடுப்படி. அந்தக் காலத்துச் சமையல், அந்தக் காலத்து ஆரோக்கியம்" என்று எழுதி, பக்கத்தில் எங்கள் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான்.

அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அது. ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. கண் இரண்டும் இடுங்கி, கன்னம் மேலேறி இருக்கும். வருகிறவர்கள் எல்லாம், அம்மா எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்கள் என்று சொல்கிறார்களாம். அவள் சிரிக்கவில்லை. வெயிலில் நிறுத்தி வைத்தால் அவளால் கண்ணைத் திறக்க முடியாது. முப்பது வயதிலேயே புகை தின்றுவிட்ட கண் அது. அந்தக் கண்ணைத்தான் ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாக மாட்டி வைத்திருந்தான் என் தம்பி.

நான் சேலத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா இறந்த நாளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி மலைக்குப் போவேன். படையல் போட்டுக் கும்பிட்டுவிட்டு மறுநாள் இறங்கிவிடுவேன். போன தை மாதம் அப்படிப் போனபோது, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே இருமல் சத்தம் கேட்டது. காய்ந்த இருமல். தொண்டையில் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் போய், கடைசியில் விசில் மாதிரி ஒரு மூச்சோடு முடியும். அம்மா போய் இத்தனை வருஷம் கழித்தும் அந்த இருமல் எனக்கு அடையாளம் தெரிந்தது. இருமியது என் தம்பி மனைவி.

வெள்ளக்கடை ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். வந்த புதிதில் மூட்டை காப்பிப் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் பேசிக்கொண்டே ஏறுவாள். இப்போது என் கைப்பையை வாங்கிக்கொண்டு மூன்று படி ஏறுவதற்குள் நின்று, மூச்சு வாங்கி, ஒன்றும் நடக்காதது போல் சிரித்தாள்.

"எப்ப இருந்து கண்ணு இப்படி?" என்றேன்.

"கொஞ்ச நாளாத்தானுங்க அண்ணி. போன மாசம் சேலத்துல காட்டுனமுங்க. பொகைகிட்டயே போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இப்படியே போனா படுத்துக்கிட்டு மூச்சு உட முடியாதுன்னாங்க."

"தம்பிகிட்டச் சொன்னியா?"

"சொன்னேனுங்க. விருந்தாளி வர்ற சனி ஞாயிறு மட்டும் வெறகடுப்புல சமாளி, மத்த நாளைக்குக் கேஸ்ல ஆக்கிக்கன்னாரு. இப்ப எல்லா நாளும் சனி ஞாயிறாட்டத்தானுங்க இருக்குது."

தம்பி வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். அறைக்கு அறை வெந்நீர் வருகிற குளியலறை, வழுவழுப்பான தரை, சுவரகலத்துக்கு டிவி. அடுப்படியில் மட்டும் கை வைக்கவில்லை. அதே மண் சுவர், அதே இரட்டை அடுப்பு, மேலே அதே மூங்கில் பரண். ஜன்னல் கிடையாது. குனிந்து நுழைகிற வாசல் ஒன்றுதான். விருந்தாளிகள் குனிந்து எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து, ஆகா என்ன மணம் என்பார்கள். ஓட முடியாதவள் உள்ளே உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருப்பாள்.

அந்த அடுப்படிக்கு ஏன் ஜன்னல் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு அவன் ஒரு கதை வைத்திருக்கிறான். மலைக்குளிர் உள்ளே வராமல் இருக்க முன்னோர் கண்டுபிடித்த அறிவியலாம். சுத்தப் பொய். எங்கள் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் காரணம் தெரியும். அடுப்புக்கு மேலே இருந்த பரணில்தான் அடுத்த வருஷத்து விதை இருந்தது. ராகிக் கதிர், சாமை, மக்காச்சோளம், அவரை, பூசணி எல்லாம் கட்டுக் கட்டாக அங்கே கிடக்கும். கீழேயிருந்து புகை ஏறி ஏறி எல்லாம் கருத்துப்போகும். புகை பட்ட விதையில் வண்டு விழாது, மழை மாதத்தில் பூசணம் பிடிக்காது. ஜன்னல் வைத்தால் புகை வெளியே போகும், புகை போனால் விதை போச்சு. இதுதான் காரணம். அந்த விதைக்கு நேர் கீழே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்பது யார் கணக்கிலும் வரவில்லை. வண்டுக்கும் அவளுக்கும் ஒரே புகைதான் போட்டார்கள். வண்டுக்குப் புத்தி இருந்தது, அது ஓடிப்போனது.

அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு பொறுமை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. கருக்கலில் எழுந்து திருகையில் ராகி அரைப்பாள், ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள், களி கிண்டி வைத்துவிட்டு எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவாள், சாயங்காலம் வந்து மறுபடி அதே அடுப்பு முன்னால் உட்காருவாள். எதையும் வாயை மூடிக்கொண்டு செய்ததில்லை. மழை மாதத்தில் விறகெல்லாம் ஈரமாக இருக்கும். ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, ஊதாங்குழலால் அடுப்பின் தலையிலேயே ஒன்று போட்டு, சக்களத்தியைத் திட்டுவது போல் திட்டுவாள். "என்ர உசுரைக் குடிச்சுட்டுத்தான் எரிவியா நீயி? எரிஞ்சு தொலையேண்டி, மூதேவி!" நாங்கள் வெளியே உட்கார்ந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்போம். சோறு கேட்டால் அடுத்த ஏச்சு எங்களுக்கு விழும்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. அப்பா நல்ல மனநிலையில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்பாள்.

"ஏனுங்க, அந்தக் கெழக்குச் சொவத்துல கையகலத்துக்கு ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க. மூச்சு உட்டுக்கறதுக்குத்தான்."

"வெதைக்கு யாரு பொறுப்பு?"

"நாம் பொறுப்புங்க."

"பொம்பளை பொறுப்புல வெதையை உட்டுப்போட்டு, வர்ற வருசம் மண்ணையா திங்கறது?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பா கெட்டவர் இல்லை என்று தம்பி இப்போதும் சொல்வான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடுப்படிக்குள் அவர் ஒருநாள்கூடக் கால் மணி நேரம் உட்கார்ந்தது கிடையாது. அவருக்குக் களி வெளிக்கூடத்துக்கு வரும்.

ஒரு வருஷம் அம்மா அவருக்குத் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் தோட்டத்துக்குப் போனதும், நீளமான கழியால் அடுப்புக்கு மேலே கூரையில் ஓடு ஒன்றை மட்டும் நெம்பி நகர்த்திவிடுவாள். அந்தச் சந்து வழியாகப் புகை போகும். அவர் திரும்பி வருகிற நேரத்துக்கு மறுபடி இழுத்து மூடிவிடுவாள். எனக்கு மட்டும் தெரியும், நான்தான் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சில மாதங்கள் அம்மா அடுப்படியில் பாட்டுக்கூடப் பாடினாள். குரல் சகிக்காது. ஆனாலும் பாடினாள்.

ஐப்பசியில் ஒருநாள் எஸ்டேட்டில் அவளுக்கு நேரமாகிவிட்டது. நகர்த்திய ஓட்டை இழுத்து மூடாமலே போய்விட்டாள். மத்தியானம் பிடித்த மழை பொழுது சாயும் வரைக்கும் விடவில்லை. தண்ணீர் நேராகப் பரணில் இறங்கியது. நனைந்த கதிரைக் காய வைக்க வெயில் வரவில்லை. கொஞ்ச நாளில் பரணிலேயே ராகி முளைவிட்டது. பார்க்கப் பச்சைப் பசேலென்று அழகாக இருந்தது. அப்பா அடிக்கவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார். அவளே போய் விதை கேட்டு வாங்கி வர வேண்டும் என்றார்.

விதை கேட்டுப் போவது எங்கள் பக்கத்தில் பிச்சைக்குப் போவதைவிடக் கேவலம். பிச்சைக்காரிக்கு விதியின் மேல் பழி போடலாம். விதையைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு எதன் மேலும் பழி போட முடியாது. அம்மா கிளியூரில் தன் பிறந்த வீட்டிலிருந்து தொடங்கி, தெரிந்த வீட்டுக்கெல்லாம் முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் "வெதை என்னாச்சு?" என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஓட்டை நகர்த்தியது தான்தான் என்று தன் வாயால் சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் கண்ணும் இவள் கண் மாதிரியே சிவந்துதான் இருந்தது. ஒருத்திகூட "நல்லதுதானே பண்ணுன" என்று சொல்லவில்லை. அந்தப் பெண்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்த ஓட்டைத் தொடவில்லை, பாடவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதத்தில் மூன்று நாள் அம்மா வீட்டுக்குத் தூரம். தோட்டத்துக் கடைசியில், மாட்டுச் சாளையை ஒட்டிய ஒரு தட்டிக் குடிசையில் போய் இருந்துகொள்வாள். தட்டு தனி, பாய் தனி. யாரும் தொடக் கூடாது. அந்த மூன்று நாளும் சமையல் என் தலையில். களியைக் கொண்டுபோய் எட்ட வைத்துவிட்டு வருவேன். இந்த வழக்கம் எவ்வளவு பெரிய அவமானம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், மேடையில் பேசக்கூடச் செய்தேன். ஆனால் அந்தக் குடிசையில் அம்மா இருந்தது என் கண் முன்னாலேயே நிற்கிறது. இரண்டாம் நாளே இருமல் குறைந்துவிடும். கண் சிவப்பு வடியும். சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்துகொண்டு, கீழே பள்ளத்தாக்கில் பனிமூட்டமாக மஞ்சு ஏறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். தீண்டக் கூடாதவள் என்று ஒதுக்கி வைத்த நாளில்தான் அவளுக்கு மூச்சு விட அனுமதி கிடைத்தது. அப்படி ஒரு வாழ்க்கைக்கு ஆரோக்கியம் என்று பெயர் வைக்கிறவன் வாயில் மிளகாயைத்தான் அரைத்துத் தேய்க்க வேண்டும்.

வயசாகி அவளுக்கு அது நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "இனி உனக்குத் தொந்தரவு இல்ல, நிம்மதி" என்றார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூணு நாளும் போச்சு" என்றாள். அப்போது வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அவளுக்கு அந்தக் குடிசை இல்லை. மாதம் முழுக்க அடுப்படிதான். கடைசி இரண்டு வருஷம் அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள், உட்கார்ந்தபடியே போனாள். அந்த வருஷம் விதை நன்றாக முளைத்ததாக அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

படையல் முடிந்து சாப்பிடும்போது தம்பியிடம் ஆரம்பித்தேன். அவன் மனைவிக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வை என்றேன்.

"அக்கா, நீ ஒருநாளைக்கு வந்துட்டுப் போறவ. அம்மா ஊட்டை அப்படியே வெச்சிருக்கோம்னு சொல்லித்தான் ஆள் வருது. ஜன்னல் வெச்சா அப்புறம் அதுல என்ன இருக்குது?"

"உன் பொண்டாட்டி இருப்பாடா."

"அம்மா எழுவது வயசு வரைக்கும் இந்த அடுப்புலதான் ஆக்குனாங்க. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்களா?"

"கூட்டிட்டுப் போயிருந்தாத்தானடா போயிருப்பா."

அவன் தட்டோடு எழுந்துவிட்டான். நான் அடுப்படிக்குள் போய்ப் பரணை நிமிர்ந்து பார்த்தேன். கதிர் கட்டுக் கட்டாகத் தொங்கியது. அப்படியானால் இன்னும் விதைதான் காரணமோ என்று நினைத்து ஒன்றைத் தொட்டேன். பளபளவென்று வழுக்கியது. வார்னிஷ்.

"சேலத்துக் கடையில வாங்குனதுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அழகுக்கு. வெதையெல்லாம் இப்ப பாக்கெட்டுல வருது."

அப்பாவுக்காவது விதை என்று ஒரு காரணம் இருந்தது. முளைக்காத கதிருக்குப் புகை போடுகிறான் என் தம்பி. அதற்குக் கீழே இவளை உட்கார வைத்திருக்கிறான்.

மறுநாள் காலையில் அவன் விருந்தாளிகளைக் கூட்டிவர ஏற்காட்டுக்கு ஜீப்பில் போனான். நான் பின்பக்கம் போய், காப்பிக்குக் குழி எடுக்கிற கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கிழக்குச் சுவரில், அம்மா கை காட்டுவாளே, அந்த இடத்தில் ஓங்கி ஒன்று போட்டேன். ஒரு பிடி மண்தான் உதிர்ந்தது. அந்தக் காலத்துச் சுவர் அல்லவா, ஆரோக்கியமாக இருந்தது.

"அய்யோ அண்ணி, வேணாமுங்க! அவரு வந்தா கொன்னே போடுவாரு."

"என்னைத்தானே கொல்லுவான்? கொல்லட்டும். நீ நகரு."

நாலைந்து அடிக்குள் எனக்குக் கை விட்டுப்போனது. டைப் அடித்த கைக்குக் கடப்பாரை வணங்குமா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாள்.

"இப்படி இல்லீங்க. நீங்க அந்தப் பக்கம் போயி நில்லுங்க."

நடுநடுவே நின்று இருமினாள். இருமி முடித்துவிட்டு மறுபடி குத்தினாள். முதலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. பிறகு கையகலம். பிறகு ஒரு ஆள் தலையை வெளியே நீட்டுகிற அளவுக்குச் சுவர் பெயர்ந்து வெளியே விழுந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே நான்கு சுவரும் தார் பூசியது போலக் கிடந்தன. கூரையிலிருந்து கரி நூல் நூலாகத் தொங்கியது. அடுப்பிலிருந்த புகை ஒரு நொடி தயங்கியது போல நின்று, அப்புறம் வழி கண்டுகொண்டு வெளியே போயிற்று. அவள் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக வந்ததா அம்மாவுக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. தம்பி விருந்தாளிகளை நேராக அடுப்படிக்குத்தான் கூட்டி வந்தான். வாசலில் குனிந்தவன் அப்படியே நின்றான். முகம் கருத்துச் சிவந்தது. விருந்தாளிகள் மட்டும் பின்னால் இல்லாமல் இருந்தால் அன்றைக்குக் கடப்பாரை இன்னொரு வேலையும் செய்திருக்கும். அவன் வாயைத் திறப்பதற்குள், அவனைத் தாண்டிக்கொண்டு ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். ஓட்டைக்கு நேரே போய் நின்றாள். வெளியே பள்ளத்தாக்கில் மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, இவ்வளவு அழகா இருக்கு! அந்தக் காலத்திலேயே இப்படி வெச்சிருந்தாங்களா?"

என் தம்பி சுவரைப் பார்த்தான். கீழே கிடந்த மண்ணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் மூளை வேலை செய்வது எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க," என்றான். "கொஞ்சம் சரிஞ்சு போச்சு, வேலை நடக்குது. எங்கம்மா இங்க நின்னு மலையைப் பாத்துக்கிட்டேதாங்க ஆக்குவாங்க. அவங்களுக்கு இந்த ஜன்னல்னா உசுரு."

முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றவளை நான் பார்த்திருக்கிறேன். பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். மண் அப்பிய கை ஒன்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"அண்ணி, உட்டுருங்க," என்றாள் தம்பி மனைவி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பொய்யின்னு நீங்க சொல்லீட்டீங்கன்னா, இன்னைக்கே அடைச்சுப்போடுவாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அங்கே அழகான ஜன்னல் இருக்கிறது. ஏதோ பழைய பங்களாவை இடித்தபோது விற்ற தேக்குச் சட்டத்தை வாங்கிப் பொருத்தியிருக்கிறான். கீழே இன்னொரு பலகை, "அம்மாவின் ஜன்னல்" என்று. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். இனிமேல் அவனே நினைத்தாலும் அதை அடைக்க முடியாது, பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். தம்பி மனைவிக்கு இருமல் குறைந்திருக்கிறது. போனில் பேசும்போது நடுவில் விசில் கேட்பதில்லை. படுத்துத் தூங்குவதாகச் சொல்கிறாள். அது எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனாலும் அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். என் அம்மா அந்த ஜன்னல் வழியாக எதையும் பார்த்ததில்லை. அவள் இருந்தவரைக்கும் அங்கே சுவர்தான் இருந்தது.